முதுகுக்குப் பின்னால் மேலாளர்

ஜூலை 8, திங்கள்

இன்று முதல் உறையூர் மையத்துக்குப் போகத் தொடங்கினேன். நானாகப் போகவில்லை, கனகவல்லி அனுப்பினாள். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற என் மனைவி இப்போது கூடத்தில் தனித்தேர்வர்களுக்கு டியூஷன் நடத்துகிறாள். நான் அங்கே செய்தித்தாளோடு உட்கார்ந்திருப்பது அவளுக்கு இடைஞ்சல். "காலேஜ்ல புள்ளியியல் நடத்தினவரு வீட்ல ஈ எண்ணிக்கிட்டு இருக்கீங்க. போய் யாருக்காவது உபயோகமா இருங்க" என்றாள். அவளுடைய தோழியின் மகள் ஷகிலா பானு உளவியல் படித்தவள். மனநோயிலிருந்து தேறிவருபவர்களை வேலைக்குத் தயார்ப்படுத்தும் மையம் ஒன்றை அவள் நடத்துகிறாள்.

வாடகை வீடு. முன்னறையில் கணினிகள். பின்னறையில் இரும்பு அலமாரித் தட்டுகள், அவை நிறைய மருந்துக்கடைகளில் வாங்கிவந்த காலிப் பெட்டிகள். பயிற்சிக்கு வருபவர்கள் கையில் ஆர்டர் சீட்டு. சீட்டில் உள்ள மருந்தைத் தட்டில் தேடி எடுக்க வேண்டும். பேட்ச் எண் பார்க்க வேண்டும். காலாவதித் தேதி பார்த்து அட்டைப்பெட்டியில் வைக்க வேண்டும். செய்வதை முதலில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வார்கள், பிறகு முணுமுணுத்து, பிறகு மனசுக்குள். நான் சரி தவறு பார்த்துக் குறிக்க வேண்டும்.

பானு விளக்கினாள்: "மாத்திரையில குரல் கேக்கறது, சந்தேகம் எல்லாம் அடங்கிடும் சார். ஆனா கவனமும் ஞாபகமும் தானா திரும்பி வராது. கால் ஒடிஞ்சு கட்டுப் பிரிச்சவங்க நடந்து பழகற மாதிரி மனசப் பழக்கணும். அப்பத்தான் ஒரு வேலைல நிக்க முடியும்."

இங்கே என்னால் என்ன பயன் என்று தெரியவில்லை. யாரோடும் கண் பார்த்துப் பேச எனக்கு வராது. அவர்களுக்கும் வரவில்லை. அந்த மட்டில் பொருத்தம்.

ஜூலை 11, வியாழன்

எழிலரசி என்ற பெண்தான் இங்கே கெட்டிக்காரி. முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். பி.காம். படித்தவள். இருபதுகளில் நோய் வந்தது. காதில் கேட்ட குரல்கள் அடங்கி இரண்டு வருடம் ஆகிறது. அண்ணன் கருணாகரன் வீட்டில் இருக்கிறாள். அவருக்குப் பாலக்கரையில் பெயிண்ட் கடை.

இன்று அவர் பானுவிடம் பேசியது என் காதில் விழுந்தது. "மேடம், ஒளிவுமறைவு இல்லாம சொல்றேன். என் பொண்ணுக்கு வரன் பாக்கறோம். தையில வந்து பாப்பாங்க. அத்தை வேலைக்குப் போறான்னா சொல்லிக்கலாம். சும்மா மொட்டு மொட்டுனு வீட்ல ஒக்காந்திருந்தா என்னன்னு சொல்றது? தைக்குள்ள வேலை கெடைச்சா சரி. இல்லேன்னா மணப்பாறைக்கு அந்தாண்ட ஒரு காப்பகம் இருக்கு. கேட்டு வெச்சிருக்கேன்."

எழிலரசி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அவர் போன பிறகு என்னிடம், "அந்தக் காப்பகத்துல எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா இருக்காங்க சார். போனவங்க யாரும் திரும்பி வந்ததில்ல" என்றாள். வானிலை சொல்வதுபோல் சொன்னாள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன்.

ஜூலை 19, வெள்ளி

போன மாதம் ஜவுளிக்கடைக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த பையன் திரும்பி வந்துவிட்டான். மேற்பார்வையாளர் ஒரு சத்தம் போட்டாராம். சரக்கு எண்ணெல்லாம் மறந்து, கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டானாம்.

பானு யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். வெளியே யாரும் இவர்களிடம் பூப்போல நடந்துகொள்ளப் போவதில்லை. ஆகவே திட்டு வாங்கிக்கொண்டே கவனம் சிதறாமல் வேலை செய்யவும் பழக வேண்டும். சிறுகச் சிறுகக் கூட்டிக்கொண்டு போகலாம். அதற்கு ஒருவர் மேலாளராக நடிக்க வேண்டும்.

"நீங்கதான் சார். வயசானவர், கண்ணாடி, சட்டைய உள்ள விட்டிருக்கீங்க. பாத்தாலே மேனேஜர்."

'மேலாளர்' என்று எழுதிய அட்டையை என் கழுத்தில் மாட்டினாள். விதி ஒன்றும் சொன்னாள். பயிற்சி முடிந்ததும் எல்லார் முன்னாலும் அட்டையைக் கழற்றி, "நான் வைத்தியலிங்கம். திட்டினது மேனேஜர், நான் இல்ல" என்று சொல்லி, அவர்களோடு உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும். தவறவே கூடாது.

நான் போய் நின்று, "கொஞ்சம் வேகமாகச் செய்தால் நன்றாக இருக்கும்" என்றேன்.

பயிற்சியில் இருந்த பிலவேந்திரன் சிரித்துவிட்டான். முன்பு அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவன், வாய் ஓயாது. "சார், இது திட்டா? தொட்டில் ஆட்டற மாதிரி இருக்கு. எனக்குத் தூக்கம் வருது."

எல்லாரும் சிரித்தார்கள். எழிலரசியும்.

ஜூலை 22, திங்கள்

இன்றும் எனக்குத் திட்ட வரவில்லை. "தவறு செய்கிறாய்" என்றேன். "எங்க சார், காட்டுங்க" என்றான் பிலவேந்திரன். அவன் செய்ததில் தவறு இல்லை. மன்னிப்புக் கேட்டேன்.

மாலை காந்தி மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கி வந்தேன். கனகவல்லி ஒன்றை நறுக்கி, புழுவோடு என் தட்டின் அருகே கொண்டுவந்து வைத்தாள். டியூஷன் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஒரு கத்தரிக்காய் பாத்து வாங்கத் தெரியல. கண்ணு எதுக்கு இருக்கு, மூஞ்சிக்கு அழகா? உங்களையும் நம்பி ஒரு காலேஜ் சம்பளம் குடுத்துச்சே, அதச் சொல்லணும்."

மறுபடியும் போய் மாற்றி வந்தேன்.

ஜூலை 23, செவ்வாய்

வந்துவிட்டது! எப்படி என்று தெரியவில்லை. பிலவேந்திரன் வேறு பேட்ச் பெட்டியை எடுத்தான். நான் அதைப் பிடுங்கி அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். "கண்ணு எதுக்குடா இருக்கு? மூஞ்சிக்கு அழகா? உன்னையும் நம்பி ஒருத்தன் சம்பளம் குடுத்தானே, அவனச் சொல்லணும்!"

பிலவேந்திரன் அவசரமாகச் சரியான பெட்டியைத் தேடினான். பானு கண்ணாடிக் கதவுக்கு வெளியே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று வழியெல்லாம் யோசித்தேன். பிடிபடவில்லை. அட்டையைக் கழற்றி என் பெயரைச் சொன்னேன். டீ குடித்தோம். பிலவேந்திரன், "சார், நீங்க டிப்போ மேனேஜரா போயிருக்கணும்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

முறையாகச் செய்தால்தான் எதிலும் பயன் உண்டு. பொத்தாம்பொதுவாகக் கத்துவதால் ஒன்றும் ஆவதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு இடம் இருக்கிறது. ஒருவருக்குக் குடும்பத்தைச் சொன்னால் தைக்கிறது; மற்றவருக்கு உருவத்தைச் சொன்னால். இதைக் கவனித்து வைத்துக்கொள்கிறேன். வெளியே யாராவது அந்த இடத்தில் தொட்டால் அவர்கள் தாங்க வேண்டுமே, அதற்காகத்தான்.

எழிலரசிக்கு மட்டும் எதுவும் தைக்கவில்லை. "சரிங்க சார்" என்று தன்பாட்டுக்குச் செய்கிறாள். தவறே இல்லை. எனக்கு அது சற்று உறுத்தலாக இருக்கிறது. சோதிக்கப்படாத ஒன்றை உறுதியானது என்று எப்படிச் சொல்வது?

ஆகஸ்ட் 14, புதன்

டீ வேளையில் எழிலரசியிடம் கேட்டேன், முன்பு கேட்ட குரல்கள் என்ன சொல்லும் என்று. என் வாழ்க்கையில் யாரிடமும் இவ்வளவு அந்தரங்கமாக எதையும் கேட்டதில்லை. அவள் தம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "பெரிசா ஒண்ணும் இல்ல சார். 'நீ தொட்டா வெளங்காது'ன்னு சொல்லும். அதையேதான். நாளெல்லாம். டாக்டருக்கு அப்புறம் உங்ககிட்டதான் சொல்றேன். உங்ககிட்ட சொல்லலாம்னு தோணுச்சு."

ஆகஸ்ட் 16, வெள்ளி

பானு அலுவலக அறையில் தொலைபேசியில் இருந்தாள். எழிலரசி பெட்டியை எடுக்கக் கை நீட்டியபோது அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, மெதுவாக, "நீ தொட்டா வெளங்காது" என்றேன்.

பெட்டி விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பின்பு குனிந்து எடுத்தாள். மறுபடி சொன்னேன். எடுத்தாள், பார்த்தாள், வைத்தாள். சீட்டு முழுவதையும் தவறில்லாமல் முடித்தாள். இதுவரை யாரும் இவ்வளவு விரைவாக முடித்ததில்லை.

இதைவிடக் கடினமாக வெளியே எதுவும் வரப்போவதில்லை. இதைத் தாண்டிவிட்டாள் என்றால் எதையும் தாண்டுவாள். இது நியாயமான முடிவுதான் என்று நினைக்கிறேன். பானுவிடம் சொல்ல நினைத்தேன். அவள் பேசி முடிக்க நேரமாகிவிட்டது. டீயும் வரவில்லை. பேருந்தைப் பிடிக்க வேண்டியிருந்ததால் அட்டையோடேயே வந்துவிட்டேன்.

வாசலில் பிலவேந்திரன், "சார், மேனேஜர் உங்க கழுத்துலயே தொங்கறாரு. எறக்கி வுட்டுட்டுப் போங்க" என்றான்.

செப்டம்பர் 5, வியாழன்

எழிலரசி இப்போது நான் நின்றால்தான் நன்றாகச் செய்கிறாள். நான் இல்லாத நாளில் கவனம் அலைகிறதாம். அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியதை நானே பின்னாலிருந்து அதட்டிச் சொல்கிறேன்: "தட்டு! எண்! தேதி! என்ன முழிக்கிற, மாத்திரை மயக்கமா?" கை இயந்திரம்போல ஓடுகிறது.

"உங்க சத்தம் கேட்டா மனசு எங்கயும் போகல சார்" என்றாள்.

இத்தனை வருட ஆசிரியர் வேலையில் ஒரு மாணவர்கூட என்னிடம் இப்படிச் சொன்னதில்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

நான் மின்கட்டணம் கட்ட மறந்ததைப் பற்றிக் கனகவல்லி பேசிக்கொண்டே இருந்தாள். நான் கத்தவில்லை. சற்று உரத்துப் பேசினேன், அவ்வளவுதான். அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. டியூஷன் பிள்ளைகள் புத்தகத்தை மூடினார்கள்.

செப்டம்பர் 27, வெள்ளி

வீடு அமைதியாக இருக்கிறது. காபி மேசைமேல் இருந்தது. டியூஷனை மாடியில் இருக்கும் பெண்ணின் வீட்டுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறாளாம். கூடம் முழுக்க எனக்குத்தான்.

அக்டோபர் 7, திங்கள்

எழிலரசிக்கு வேலை கிடைத்துவிட்டது! சாஸ்திரி சாலைப் பக்கம் ஒரு மருந்து மொத்த விற்பனைக் கிடங்கு. உரிமையாளர் ராமதுரை பானுவுக்கு நெடுநாள் பழக்கம். எல்லாம் தெரிந்தே எடுத்துக்கொள்கிறார். நேர்காணலுக்கு நானும் கூடப் போயிருந்தேன். மென்மையான மனிதர். "அவசரமே இல்லம்மா. தண்ணி குடிச்சிட்டு நிதானமா பண்ணு. தப்பு வந்தா திருத்திக்கலாம்" என்றார். குளிரூட்டிய கிடங்கு. ஊசி விழுந்தால் கேட்கும். பொங்கல் வரை சோதனைக் காலம். நன்றாகச் செய்தால் நிரந்தரம்.

எழிலரசியின் முகம் வெளிறியிருந்தது. பேருந்து நிறுத்தத்தில், "சார், இங்க யாருமே சத்தம் போடமாட்டாங்க போலிருக்கே. நான் எப்படி செய்வேன்?" என்றாள். விரல்களை முறுக்கிக்கொண்டாள். "இது போச்சுன்னா மணப்பாறைதான் சார்."

அவள் பயம் எனக்கு நியாயமாகத் தோன்றியது. யோசித்தேன். பானு கற்றுத்தருவதும் இதைத்தானே, வெளியே சொல்வதை மனசுக்குள் கொண்டுபோவதை. ஆகவே சொன்னேன்: "கவனம் போச்சுன்னா, நான் உன் முதுகுக்குப் பின்னால நிக்கிறேன்னு நினைச்சுக்கோ. நான் திட்டறது காதுல கேக்கற மாதிரி நினைச்சுக்கோ."

கண்ணை மூடிப் பார்த்தாள். மூடியபடியே சிரித்தாள். "வந்துட்டீங்க சார்."

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

எழிலரசி அண்ணனோடு வீட்டுக்கு வந்தாள். அதிரசம் கொண்டுவந்திருந்தாள். சேர்ந்த நாளிலிருந்து ஒரு பெட்டிகூட மாறிப் போகவில்லையாம். கருணாகரன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்பிள்ளை வீட்ல சொல்லிட்டேன் சார், தங்கச்சி மெடிக்கல் கம்பெனில இருக்கான்னு. நீங்க தெய்வம் மாதிரி."

கிளம்பும்போது எழிலரசி குரலைத் தாழ்த்தி, "ஞாயித்துக்கிழமகூட விடமாட்டேங்கறீங்களே சார்" என்றாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

நவம்பர் 4, திங்கள்

எழிலரசி ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொன்னதைப் பானுவிடம் சொல்லலாமா என்று இருந்தது. நிதி தருபவர்களுக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தாள். விளையாட்டாகச் சொன்னதைப் பெரிதுபடுத்துவானேன்.

நவம்பர் 21, வியாழன்

கிடங்குக்குப் போய்ப் பார்த்துவந்தேன். எழிலரசி இளைத்திருக்கிறாள். வேலையில் பழுதில்லை. "ஏதோ ஸ்லோகம் சொல்லிக்கிட்டே செய்யறாங்க. நல்ல பக்தி" என்றார் ராமதுரை. அவள் உதட்டைக் கவனித்தேன். ஸ்லோகம் இல்லை, 'மாத்திரை மயக்கமா' என்பதுதான்.

மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. நான் எதிரில் உட்கார்ந்திருக்க, அவள் எனக்குப் பின்னால் ஓரிடத்தைப் பார்த்துப் பேசினாள். "எல்லாம் நல்லாத்தான் சார் போகுது. ஒண்ணே ஒண்ணு. குளிக்கறப்ப மட்டும் கொஞ்சம் வெளிய நிக்கறீங்களா?"

மிகவும் கூச்சமாகப் போய்விட்டது. "சரிம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

நவம்பர் 22, வெள்ளி

"எழில் எப்படி சார் இருக்கா?" என்று பானு கேட்டாள். நன்றாக இருக்கிறாள் என்றேன்.

நவம்பர் 29, வெள்ளி

இப்போது சொன்னால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் அண்ணன் காப்பகத்தில் விட்டுவிடுவார். ஆகவே சொல்லாமல் இருப்பது அவளுக்காகத்தான். இதை இரண்டு பக்கமும் வைத்து எழுதிப் பார்த்தேன். சொல்லாமல் இருப்பதன் பக்கம்தான் காரணங்கள் அதிகம்.

டிசம்பர் 12, வியாழன்

நிதி தருபவர்கள் சென்னையிலிருந்து வந்தார்கள். மேலாளர் பயிற்சியை நடத்திக் காட்டச் சொன்னார்கள். நடத்தினேன். வந்திருந்த அம்மாள், "சார், எனக்கே எழுந்து ஓடிடலாம்னு இருந்துச்சு" என்று கைதட்டினார். மற்ற மையங்களுக்கும் இதைக் கொண்டுபோகலாமாம். எழிலரசியை முன்மாதிரியாகச் சொன்னார்கள்.

பிலவேந்திரன் இன்று வரவில்லை. ஒரு வாரமாகவே வரவில்லை என்று பானு சொன்னாள். நான் கவனிக்கவில்லை.

ஜனவரி 13, திங்கள்

எழிலரசிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. ராமதுரை தொலைபேசியில் சொன்னார். நாளை பொங்கல். வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாக இருக்கிறது. சொல்லாமல் இருந்தது சரிதான்.

ஜனவரி 20, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுத முயல்கிறேன்.

காலையில் கருணாகரன் வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை அவர் மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். எழிலரசி புதுப் புடவை கட்டிக்கொண்டு, வணக்கம் சொல்லி, எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். மாப்பிள்ளையின் அம்மா பிரியமாகவே, "லீவு நாள்ல என்னம்மா பண்ணுவ?" என்று கேட்டிருக்கிறார்.

எழிலரசி திரும்பி, பின்னால் இருந்த சுவரைப் பார்த்து, "சொல்லலாமா சார்?" என்றாளாம்.

"எல்லாரும் சுவத்தப் பாக்கறாங்க" என்றார் கருணாகரன். "இவ காத்துக்கிட்டு நிக்கிறா. அப்புறம் 'மன்னிச்சிருங்க சார், மன்னிச்சிருங்க சார்'னு ஆரம்பிச்சவதான். வாயப் பொத்தினாலும் நிக்கல. யாரும்மா அந்த சாருன்னு அந்தம்மா கேட்டாங்க. உங்க பேரச் சொன்னா. வைத்தியலிங்கம் சார்னு தெளிவா சொன்னா. அவங்க காபியக்கூடக் குடிக்கல, எழுந்து போயிட்டாங்க."

நான் உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை.

"குளிக்கறப்பகூட நிக்கறாருங்கறா. படுத்தா பக்கத்துல வந்து நிக்கறாருங்கறா. என் தங்கச்சிய என்ன பண்ணுன, பெரிய மனுஷா? வயசென்ன உனக்கு?"

அவர் என்ன நினைக்கிறார் என்பது புரிய எனக்கு நேரமாயிற்று. அது பயிற்சி, நடிப்பு என்று சொல்ல முயன்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது மோசமாகக் கேட்டது.

கனகவல்லி சமையலறை வாசலில் நின்றாள். கருணாகரன் அவள் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்கம்மா. உங்க வீட்டுக்காரரு எப்படிப்பட்டவரு?"

எங்களுக்குக் கல்யாணமான நாள் முதல் என்னை ஒரு கோழை என்று ஊருக்கெல்லாம் சொல்லி வந்தவள். இன்று அந்த ஒரு வார்த்தை போதும், என்னைக் காப்பாற்றியிருக்கும். நான் அவளையே பார்த்தேன்.

"என்னை ஏன் கேக்கறீங்க? இந்த வீட்ல நான் பேசறதில்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜனவரி 22, புதன்

பானு என்னை அலுவலக அறையில் உட்காரவைத்துக் கேட்டாள். குளியலறை விஷயம் எனக்கு எப்போது தெரியும் என்று கேட்டாள். சொன்னேன்.

"நவம்பர்லயா?"

"ஆமாம்."

"ஏன் சார் சொல்லல? அப்பவே டாக்டர்கிட்ட போயிருந்தா மாத்திரைய மாத்திக் குடுத்திருப்பார். பத்து நாள் லீவு போட்டிருப்பா. ராமதுரை சார் ஒரு வார்த்தை சொல்லியிருக்கமாட்டார். அவ வேலை அவகிட்டயே இருந்திருக்கும்." அவள் மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்தாள். நிறைய மாத்திரைகள். "அவ பீரோவுல இருந்துச்சு. ஏன் போடலன்னு கேட்டா, 'மாத்திரை மயக்கமான்னு சார் கேப்பாரு'ங்கறா."

நான் அவளுக்காகத்தான் யோசித்தேன் என்றேன். பானு டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள். "அவ முதுகுக்குப் பின்னால போய், 'நீ தொட்டா வெளங்காது'ன்னு சொன்னீங்களாமே. அதுவும் அவளுக்காகத்தானா சார்?"

நான் மாத்திரைகளை எண்ணத் தொடங்கினேன்.

ராமதுரை இடத்தைக் காலியாக வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். கருணாகரன் கேட்கவில்லை. நேற்றே கொண்டுபோய் விட்டுவிட்டார்.

ஜனவரி 30, வியாழன்

கனகவல்லி தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள். எப்போது வருவாள் என்று எழுதிவைக்கவில்லை. ரசம் வைத்தேன். புளி அதிகம்.

பிப்ரவரி 6, வியாழன்

பானுவும் டாக்டரும் சேர்ந்து ஒரு யோசனை சொன்னார்கள். நான் நேரில் போய், என் சொந்தக் குரலில், அது நடிப்பு என்றும் வேலை முடிந்துவிட்டது என்றும் எழிலரசியிடம் சொல்ல வேண்டும். அது அவளுக்குக் கொஞ்சம் பிடிமானம் தரலாம். கருணாகரனிடம் பேசி அனுமதி வாங்கினார்கள். பானு உடன் வருவதாக இருந்தாள். கடைசி நேரத்தில் டாக்டர் அவளை வேறு வேலையாக அழைத்ததால் நான் தனியாகப் போக வேண்டியதாயிற்று.

மணப்பாறையில் இறங்கி ஆட்டோ. இரும்புக் கதவு, பூட்டு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான கூடம். பாய்களில் பெண்கள். எல்லாருக்கும் தலைமுடி ஒட்ட வெட்டியிருந்தது. எழிலரசி தட்டு அலமாரி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். தம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து, அடியைத் திருப்பிப் பார்த்து, வைத்துக்கொண்டிருந்தாள். கணுக்கால்கள் வீங்கிப் பளபளத்தன.

"ஒரு நிமிஷம் ஒக்கார மாட்டேங்குது சார்" என்றாள் வார்டன். "ஊசி போட்டாலும் செவுத்துல சாஞ்சுகிட்டு நிக்கிது. படும்மான்னா, சார் இன்னும் விடலங்குது. நீங்கதானா அந்த சாரு?"

நான் அருகில் போய், என்னால் முடிந்தவரை மென்மையாக அழைத்தேன். "எழில். நான் வைத்தியலிங்கம் வந்திருக்கேன். அதெல்லாம் நடிப்பும்மா. பயிற்சிக்காகச் செஞ்சது. நான் அப்படிப்பட்டவன் இல்ல."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் ஏதும் இல்லை. ஒரு சின்னப் பையன் ஒப்பிப்பதைக் கேட்பதுபோல் பொறுமையாகக் கேட்டாள்.

"இப்பப் பண்றீங்களே, இதானே சார் நடிப்பு" என்றாள். "நல்லாத்தான் பண்றீங்க."

"இல்லம்மா. வேலை முடிஞ்சிடுச்சு. நீ படுத்துக்கலாம்."

"அவரு சொல்லணும் சார்."

திரும்பி அடுத்த தம்ளரை எடுத்தாள். அவள் கால்களைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. நான் இன்னும் இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். மன்னிப்பும் கேட்டேன். அவளுக்கு அது எதுவும் கேட்கவில்லை. வேறு ஒருவருடைய பேச்சுக்கு நடுவே நான் குறுக்கே பேசுவதுபோல் முகத்தைச் சுளித்தாள்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன்.

"ஏய்! ஷிப்ட் முடிஞ்சு எவ்ளோ நேரமாச்சு? இன்னும் என்ன நோண்டிக்கிட்டு இருக்க? அறிவில்ல? போய்ப் படு, முண்டம்!"

பாயில் இருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தி போர்வையை இழுத்து முகத்தை மூடினாள். எழிலரசி தம்ளரை அதன் இடத்தில் வைத்தாள். "சரிங்க சார்" என்றாள். அவள் முகத்தின் இறுக்கம் தளர்ந்ததை நான் பார்த்தேன். பாய்க்குப் போய், சுவரைப் பார்த்துப் படுத்து, காலை மடக்கிக்கொண்டாள். சற்று நேரத்தில் மூச்சு சீராக வந்தது.

வார்டன் வாயில் கைவைத்து நின்றாள். பிறகு அருகில் வந்து, தூங்குபவளை எழுப்பிவிடாதபடி மெதுவாகப் பேசினாள். "ரெண்டு வாரமா நாங்க எவ்ளோ கெஞ்சியிருப்போம். அப்பாடா! வாரத்துக்கு ரெண்டு தடவை வந்துட்டுப் போங்க சார், புண்ணியமாப் போகும். அந்தா, மூலைல இருக்கற அம்மாவும் மூணு நாளா சோறு தண்ணி எடுக்கல. வந்ததுதான் வந்தீங்க, அதுக்கும் ஒரு சத்தம் போட்டுட்டுப் போங்களேன்."

மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. எந்த அம்மா என்று கேட்டேன்.